குளிரில் கிளம்ப மறுக்கும் லாரி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நாமக்கல், சேலம் வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் மறுமுனை ஸ்ரீநகரில் இருக்கிறது. அந்த முனையில் குளிர்காலக் காலைகளில் நம் லாரிகள் படும் பாட்டைப் பற்றிப் பல கடிதங்கள் வந்துள்ளதால், இந்த இதழின் பதில்கள் அனைத்தும் குளிரில் டீசல் இன்ஜினைக் கிளப்புவது பற்றியவை. நீலகிரியிலிருந்து வந்த ஒரு கேள்வியையும் இவற்றோடு சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் பிஎஸ்-6 லாரி டிசம்பரில் ஆப்பிள் ஏற்றுவதற்காகக் காஷ்மீர் போனது. ராம்பன் அருகே மண் சரிந்து சாலை அடைபட்டதால், திரும்பும் வழியில் காசிகுண்டில் இரண்டு இரவுகள் நிறுத்தி வைத்தார்கள். முதல் நாள் காலையில் செல்ஃப் நன்றாகவே எடுத்தது. இன்ஜின் கிளம்பி ஒரு நிமிடம் ஓடி நின்றுவிட்டது. அதன் பிறகு எவ்வளவு அடித்தும் கிளம்பவில்லை. பதினொரு மணிக்கு மேல் நன்றாக வெயில் ஏறியதும் தானாகவே சரியாகிவிட்டது. உள்ளூர் மெக்கானிக் ஹை பிரஷர் பம்ப் போய்விட்டது என்றார். ஊருக்கு வந்து சோதித்தால் பம்பில் ஒரு குறையும் இல்லை. என்னதான் நடந்தது?
(லாரி உரிமையாளர், சங்ககிரி)

பதில்: கிளம்பி, ஒரு நிமிடம் ஓடி, நின்று, வெயில் ஏறியதும் சரியானது என்று நீங்கள் சொல்லும் வரிசையே நோயைச் சொல்லிவிடுகிறது. உங்கள் பம்ப் கெடவில்லை. டீசலில் உள்ள மெழுகு பிரிந்து ஃபில்டரை அடைத்திருக்கிறது.

டீசலில் பாரஃபின் வகை மூலக்கூறுகள் கரைந்திருக்கின்றன. எளிதில் தீப்பற்றும் குணத்தை டீசலுக்குத் தருவதில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால் சுத்திகரிப்பு ஆலைகள் இவற்றை முழுதாக நீக்கிவிடுவதில்லை. வெப்பம் குறையும்போது இவை, மார்கழிக் காலையில் புட்டிக்குள் தேங்காய் எண்ணெய் வெளுப்பதைப் போல, சிறு படிகங்களாகப் பிரிகின்றன. டீசல் முதலில் மங்கலாகிறது. பிறகு படிகங்கள் ஃபில்டர் தாளின் நுண்துளைகளில் படிந்து வழியை மூடுகின்றன. இன்னும் குளிர்ந்தால்தான் டீசலே ஓடாத கூழாகிறது. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், டேங்கில் டீசல் தண்ணீராக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபில்டர் அடைபட்டுவிடும். டேங்க் மூடியைத் திறந்து பார்த்து "டீசல் நன்றாகத்தானே இருக்கிறது" என்று சொல்லிப் பம்பின் மேல் பழியைப் போடுவது இதனால்தான். ஃபில்டருக்கு அப்பால் குழாயில் மிஞ்சியிருந்த டீசலில் உங்கள் இன்ஜின் ஒரு நிமிடம் ஓடியது. அது தீர்ந்ததும் நின்றது. வெயில் மெழுகைக் கரைத்ததும் வழி திறந்தது.

இது எந்த வெப்பநிலையில் நடக்கும் என்பது நீங்கள் எந்த மாதத்தில், எந்த ஊரில் டீசல் பிடித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. டீசலுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 1460, ஃபில்டர் அடைபடும் வெப்பநிலைக்குக் கோடையில் 18 டிகிரி செல்சியஸ், குளிர்காலத்தில் 6 டிகிரி என உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதாவது, கோடைத் தரத்தில் வந்த டீசல் 18 டிகிரியிலேயே ஃபில்டரை அடைத்தாலும் அது விதிப்படி நல்ல டீசல்தான். நடைமுறையில் வரும் டீசல் பெரும்பாலும் இதைவிட மேலானதாகவே இருக்கும். ஆனால் இரவில் சுழியத்துக்குக் கீழே போகும் காசிகுண்டுக்கு அது போதும் என்று அந்தத் தரநிலை உறுதி தரவில்லை. லடாக்கின் நிலைமை இன்னும் கடுமையானது என்பதால்தான், மைனஸ் 33 டிகிரி வரை உறையாத தனி டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் அங்கே அறிமுகப்படுத்தியது.

நம் ஊர் லாரிக்காரர்கள் பெரிய டேங்கை வழியில் எங்கே விலை குறைவோ அங்கே நிரப்பிக்கொண்டு, அதே டீசலோடு மலை ஏறிவிடுகிறார்கள். லிட்டருக்கு மிச்சமாகும் ரூபாய் கணக்கு ஒரு நாள் நின்றால் ஆகும் இழப்புக்கு முன்னால் நிற்காது. தெற்கிலோ மத்திய இந்தியாவிலோ பிடித்த டீசல் பஞ்சாபை எட்டும்போது டேங்கில் கால்வாசிக்கு மேல் இருக்கக் கூடாது என்று டிரைவரிடம் சொல்லி வையுங்கள். மீதியை ஜம்முவில் ஒரு முறை, காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் நல்ல விற்பனை உள்ள பங்கில் ஒரு முறை என நிரப்பிக்கொள்வது நல்லது. குளிர் எதிர்ப்புத் திரவத்தைக் கலப்பதாக இருந்தால், டீசல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே கலக்க வேண்டும். மெழுகு பிரிவதற்கு முன்பே அது டீசலில் இருந்தால்தான் படிகங்கள் பெரிதாகாமல் தடுக்கும். ஏற்கெனவே உறைந்ததைக் கரைக்கும் வேலையை அது செய்யாது. காலையில் அடைத்த பிறகு டேங்கில் ஊற்றுவது வீண் செலவு.

இன்னொன்றும் உண்டு. டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டர் கிண்ணத்தில் தேங்கும் தண்ணீர் சுழியம் டிகிரியிலேயே உறையும். அதுவும் இதே அறிகுறியைத்தான் காட்டும். மலையில் ஒவ்வொரு மாலையும் இன்ஜின் சூடாக இருக்கும்போதே அடியில் உள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடித்துவிட வேண்டும். டேங்கைப் பாதியாக விட்டு நிறுத்தினால் உள்ளே உள்ள காற்றின் ஈரம் சுவரில் வியர்த்து டீசலில் இறங்கும் என்பதால், இரவில் டேங்க் நிறைந்திருப்பது நல்லது. இரண்டு டீசல் ஃபில்டர்களை உபரியாக வண்டியில் போட்டு அனுப்புங்கள். பாதி அழுக்கடைந்த பழைய ஃபில்டர் சமவெளியில் மாதக்கணக்கில் ஓடும். முதல் குளிர் இரவில் அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: அங்கே பழைய டிரைவர்கள் டீசலில் மண்ணெண்ணெய் கலக்கச் சொல்கிறார்கள். சிலர் டேங்குக்கு அடியில் துணியைக் கொளுத்துகிறார்கள். சிலர் ஏர் ஃபில்டரில் ஈதர் ஸ்ப்ரே அடிக்கிறார்கள். இவற்றில் எதைச் செய்யலாம்?
(லாரி ஓட்டுநர், திருச்செங்கோடு)

பதில்: மூன்றையும் தவிர்த்துவிடுங்கள்.

மண்ணெண்ணெய் கலந்தால் மெழுகு பிரிவது தள்ளிப்போகும் என்பது உண்மைதான். பழைய இன்லைன் பம்ப் அதைத் தாங்கிக்கொண்டது. எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ரெயில் எனும் ஒரே பொதுக் குழாய் வழியாக உயர் அழுத்தத்தில் டீசல் தரும் இன்றைய காமன் ரெயில் பம்பின் பாகங்களுக்கு உயவு தருவது டீசலே அன்றி வேறு எண்ணெய் இல்லை. மண்ணெண்ணெய்க்கு அந்த உயவுத்தன்மை குறைவு. ஆயிரம் பார் அழுத்தத்துக்கு மேல் வேலை செய்யும் பம்பும் இன்ஜெக்டரும் தேய்ந்து, உலோகத் துகள் ரெயில் முழுவதும் பரவினால், செலவு லட்சங்களில் போகும். டேங்குக்கு அடியில் தீ மூட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: பிளாஸ்டிக் குழாய்களும் ஒயர்களும் ஏர் பிரேக் லைன்களும் டேங்கை ஒட்டியே போகின்றன.

ஈதரில் உள்ள ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை. இன்றைய பெரிய இன்ஜின்கள் பலவற்றில் காற்று நுழையும் வழியில் ஒரு மின் ஹீட்டர் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அது பழுத்துச் சிவக்கும். ஈதர் ஆவி அதைத் தொட்ட நொடியில் குழாய்க்குள்ளேயே வெடிக்கும். ஹீட்டர் இல்லாத இன்ஜினிலும், ஈதர் நேரம் தவறி முன்கூட்டியே எரிந்து பிஸ்டனையும் ரிங்கையும் உடைக்கக்கூடும்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஃபில்டரின் மேலும் அதற்கு வரும் குழாயின் மேலும் துணியைச் சுற்றி, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். குளிர்ந்த அலுமினியமும் பிளாஸ்டிக் கிண்ணமும் விரிசல் விடும். ஒயர் இணைப்புகளில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் இளகியதும், டீசலைக் கையால் ஏற்றும் கை பம்பை அந்தப் பம்ப் இறுகும் வரை அடித்துவிட்டுச் செல்ஃப் எடுங்கள். அதற்கும் மசியாவிட்டால், லாட்ஜ் அறையில் சூடாக வைத்திருந்த புதிய ஃபில்டரை மாற்றுவதே விரைவான வழி. உபரி ஃபில்டரை வண்டியிலேயே விடாமல் இரவில் அறைக்கு எடுத்துப் போவது அனுபவசாலிகளின் வழக்கம்.

கேள்வி: கோடையில் வாங்கிய பேட்டரிகள், ஊரில் சுண்டினால் கிளம்பும். இமாச்சலில் காலையில் செல்ஃப் இழுக்க முடியாமல் திணறுகிறது. சில நாள் "டக் டக்" என்ற சத்தம் மட்டும்தான். பேட்டரிக் கடைக்காரர் பேட்டரி நன்றாக இருக்கிறது என்கிறார். யாரை நம்புவது?
(ஓட்டுநரும் உரிமையாளரும், நாமக்கல்)

பதில்: கடைக்காரர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. லீட் ஆசிட் பேட்டரிக்குள் நடப்பது வேதிவினை. குளிரில் அது மந்தமாகும். 27 டிகிரியில் முழுப் பலம் தரும் பேட்டரி, சுழியம் டிகிரியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கும், மைனஸ் 18 டிகிரியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கும்தான் தரும். அதே நேரத்தில் இன்ஜின் ஆயில் கெட்டியாகி, இன்ஜினைச் சுற்றத் தேவைப்படும் பலமோ கூடுகிறது. ஊரில் பாதிப் பலத்திலேயே கிளம்பிவிடுவதால் குறை வெளியே தெரிவதில்லை.

மெதுவாகச் சுற்றுவது ஏன் இவ்வளவு பெரிய குறை என்பதையும் சொல்ல வேண்டும். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. அமுக்கப்பட்ட காற்றின் சூடே டீசலைப் பற்றவைக்கிறது. பிஸ்டன் வேகமாக ஏறினால் காற்று அந்தச் சூட்டை வைத்துக்கொள்ளும். மெதுவாக ஏறினால் சூடு குளிர்ந்த சுவருக்குப் போய்விடும், காற்றும் ரிங்கின் ஓரமாகக் கசிந்துவிடும். ஆகவே செல்ஃப் சுற்றுகிறதா என்று மட்டும் கேட்பது போதாது. எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று கேட்க வேண்டும். நிமிடத்துக்கு 100 சுற்றுக்குக் கீழே போனால் பெரும்பாலான இன்ஜின்கள் குளிரில் கிளம்பாது.

புதிய பேட்டரி வாங்குவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். செல்ஃப் எடுக்கும்போது 24 வோல்ட் அமைப்பில் பேட்டரி முனைகளில் 18 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால், பேட்டரியில் சார்ஜ் இல்லை அல்லது பலம் இல்லை. இரண்டு பேட்டரிகளையும் தனித்தனியே பாருங்கள். ஒன்று நோஞ்சானாக இருந்தால் மற்றதும் சேர்ந்து படுத்துவிடும். மாற்றும்போது இரண்டையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். பேட்டரியில் வோல்ட் இறங்காமலிருந்தும் இன்ஜின் திணறினால், குறை கேபிளில் இருக்கிறது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முளையிலும் மற்றதைச் செல்ஃப் மோட்டாரின் உடம்பிலும் வைத்து, உதவியாளரைச் செல்ஃப் எடுக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிளில் எங்கோ துரு இருக்கிறது. பாசிட்டிவ் பக்கமும் இதே சோதனைதான். எனக்குத் தெரிந்தவரை, பேட்டரி குற்றம் என்று வரும் வண்டிகளில் கணிசமானவற்றில் உண்மைக் குற்றவாளி சேசிஸோடு எர்த் கேபிள் சேரும் அந்தத் துருப்பிடித்த போல்ட்தான். அதைச் சுரண்டி, இறுக்கி, கிரீஸ் தடவச் செலவு ஒன்றுமில்லை.

பேட்டரித் திரவத்தின் ஒப்படர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரையும் மறக்க வேண்டாம். முழுச் சார்ஜில் உள்ள பேட்டரியின் திரவம் மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. சார்ஜ் இறங்கி ஒப்படர்த்தி 1.100 அளவுக்கு வந்துவிட்டால், மைனஸ் 8 டிகிரியிலேயே உறைந்து பெட்டி வெடித்துவிடும். உறைந்த பேட்டரியில் ஜம்பர் கேபிள் போடுவது ஆபத்து. முதலில் அது இளக வேண்டும்.

ஆயிலைப் பொறுத்தவரை, டபிள்யூ எழுத்துக்கு முன்னால் உள்ள எண்ணைப் பாருங்கள். 20 டபிள்யூ ஆயிலின் குளிர்ச் சுழற்சிச் சோதனை மைனஸ் 15 டிகிரியிலும், 15 டபிள்யூவுக்கு மைனஸ் 20 டிகிரியிலும், 10 டபிள்யூவுக்கு மைனஸ் 25 டிகிரியிலும் நடத்தப்படுகிறது. மணாலி, ஸ்ரீநகர் வரை போகிறவருக்கு 15 டபிள்யூ-40 போதும். குளிர்காலத்தில் லே பக்கம் போகிறவர், இன்ஜின் தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால், 10 டபிள்யூ அல்லது 5 டபிள்யூவுக்கு மாறிக்கொள்ளலாம்.

கேள்வி: காய்கறி ஏற்றும் பழைய டீசல் மினி லாரி வைத்திருக்கிறேன். டிசம்பர், ஜனவரியில் காலை நான்கு மணிக்குக் கிளப்பினால் ஒரே வெள்ளைப் புகை. இன்ஜின் உதறிக்கொண்டே ஐந்து நிமிடம் ஓடி, பிறகு சரியாகிவிடுகிறது. மேட்டுப்பாளையத்தில் எந்தத் தொந்தரவும் இல்லை. டீசலை மாற்ற வேண்டுமா?
(காய்கறி வியாபாரி, உதகமண்டலம்)

பதில்: வேண்டாம். உங்கள் வண்டிக்கு டீசல் தாராளமாகவே போகிறது; வெள்ளைப் புகை என்பது எரியாமல் வெளியேறும் டீசல்தான். செல்ஃப் சுற்றும்போது புகைக்குழாயில் துளிப் புகையும் இல்லையென்றால் டீசல் வரும் வழியை ஆராய வேண்டும். வெள்ளையாக வந்தால் டீசலை விட்டுவிட்டுச் சூட்டை ஆராய வேண்டும். பட்டறைக்குப் போகும் முன் நீங்களே பிரித்தறியக்கூடிய முதல் அடையாளம் இதுதான்.

உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கே. சிலிண்டருக்குள் நுழையும் காற்றும் அந்த அளவுக்குக் குறைவு. உறைபனி விழும் காலையில் அது குளிர்ந்தும் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் தப்பிவிடும் சிறு குறை இந்த உயரத்தில் பிடிபட்டுவிடுகிறது.

உங்கள் வண்டியைப் போன்ற சிறிய இன்ஜின்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் பிளக் இருக்கும். நான்கில் ஒன்று போனால்கூட அந்தச் சிலிண்டர் சூடேறும் வரை எரியாது, உதறல் அதனால்தான். ஒயரைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு பிளக்கின் தடையையும் மீட்டரில் பாருங்கள். நல்ல பிளக் ஓரிரு ஓம் அளவுக்குள் காட்டும். போன பிளக்கில் மீட்டர் அசையாது. பிளக்குகள் நன்றாக இருந்தால் அவற்றுக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்த்து, ரிலேயைச் சோதியுங்கள். சாவியைத் திருப்பியதும் சுருள் விளக்கு அணையும் வரை பொறுக்காமல் செல்ஃப் எடுக்கும் பழக்கம் இருந்தால், அதை விட்டாலே பாதித் தொல்லை தீரக்கூடும்.

அதற்கும் சரியாகாவிட்டால், டீசலைத் தெளிக்கும் நாசில்களைக் கழற்றிச் சோதனைக் கருவியில் வைத்துத் தூறலாக அடிக்கிறதா, சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். கம்ப்ரஷன் சோதனையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் தேறாவிட்டால் ரிங், லைனர், வால்வு என்று இன்ஜினைப் பிரிக்கும் வேலைதான். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால், ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும்.

கேள்வி: இரவு நிறுத்தினால் காலையில் நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. கை பம்பைப் பத்துப் பதினைந்து முறை அடித்துவிட்டு எடுத்தால் உடனே கிளம்புகிறது. ஊரில் லேசாக இருந்த இந்தக் குறை குளிரில் அதிகமாகிறது.
(லாரி ஓட்டுநர், கரூர்)

பதில்: டீசல் இரவில் டேங்குக்கே திரும்பி இறங்கிவிடுகிறது, அதாவது, டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே எங்கோ காற்று புகுகிறது. அந்தப் பகுதியில் டீசல் உறிஞ்சி இழுக்கப்படுவதால், ஓட்டை இருந்தாலும் வெளியே கசிவு தெரியாது. குளிரில் ரப்பர் வளையங்கள் விறைத்துச் சுருங்குவதால் காற்றுக்கு வழி பெரிதாகிறது. ஃபில்டர் தலையின் வாஷர், குழாய் இணைப்புகளின் செம்பு வாஷர்கள், கை பம்பின் வால்வு ஆகியவற்றை முதலில் மாற்றுங்கள். விலை மிகக் குறைவு. தீராவிட்டால் ஃபீட் பம்புக்கு முன்னால் ஒளி ஊடுருவும் குழாய்த் துண்டு ஒன்றைப் பொருத்தி, குமிழ் வருகிறதா என்று பார்க்கலாம்.

கை பம்ப் அடித்தும் பயனில்லை என்ற நிலை வந்தால் வேறு கதை. பல காமன் ரெயில் இன்ஜின்களில் ரெயில் அழுத்தம் 200 முதல் 300 பார் அளவை எட்டாதவரை கணினி இன்ஜெக்டரைத் திறக்காது. இன்ஜெக்டர்களில் மிஞ்சும் டீசல் திரும்பிப் போகும் ரிட்டர்ன் குழாய்களைக் கழற்றி, ஒவ்வொன்றையும் ஒரு சீசாவில் விட்டுச் செல்ஃப் எடுத்தால், எந்த சீசா மற்றவற்றைவிட வேகமாக நிறைகிறதோ அந்த இன்ஜெக்டர் தேய்ந்திருக்கிறது. ஆறையும் மாற்றச் சொல்லும் பட்டறையில் இந்தச் சோதனையைக் கண்ணெதிரே செய்து காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: காலையில் கிளம்பாது என்ற பயத்தில் இரவு முழுவதும் இன்ஜினை ஓடவிட்டு கேபினிலேயே தூங்குகிறோம். இது சரியா? புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் ஆட்புளூ திரவம் உறைந்தால் வண்டி கிளம்பாதா?
(லாரி ஓட்டுநர், ராசிபுரம்)

பதில்: முதல் கேள்விக்கு உயிர் சம்பந்தப்பட்ட பதிலைச் சொல்கிறேன். நின்ற இடத்தில் ஓடும் இன்ஜினின் புகைக்குழாயைப் பனி மூடினாலோ, புகைக்குழாயில் விரிசல் இருந்தாலோ, கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் வரும். அதற்கு மணமில்லை, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். கேபினுக்குள் கரி அடுப்பு வைப்பது இதைவிட மோசமானது. அதோடு, மணிக்கணக்கில் ஐடிலில் ஓடும் இன்ஜின் போதிய சூடு ஏறாமல், எரியாத டீசலை ஆயிலில் கலக்கவிடும். பிஎஸ்-6 வண்டியின் புகை வடிகட்டியிலும் கரி சேரும். நிறுத்துமிடத்தை முகப்பு கிழக்கு பார்த்து, காற்று நேராக அடிக்காதபடி தேர்ந்தெடுங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் தார்ப்பாயைத் தொங்கவிட்டால் இன்ஜின் சூடு சில மணி நேரம் கூடுதலாக நிற்கும். கிளப்பிய பிறகு அதை எடுக்க மறக்காதீர்கள். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் இந்த ஏற்பாடுகள் எதுவும் காப்பாற்றாது. உறையும் தண்ணீர் ஏறத்தாழ 9 சதவீதம் விரிந்து இன்ஜின் பிளாக்கையே பிளந்துவிடும். கூலன்டும் தண்ணீரும் சரிபாதியாக இருந்தால் மைனஸ் 35 டிகிரி வரை பயமில்லை.

ஆட்புளூ மைனஸ் 11 டிகிரியில் உறையும் என்றாலும், அதனால் இன்ஜின் கிளம்புவது தடைபடாது. ஓடத் தொடங்கிய பிறகு அதற்கென உள்ள ஹீட்டர் டேங்கை இளக்கிக்கொள்ளும். உறையக் கூடாது என்று அதில் கூலன்டையோ வேறு எதையுமோ கலந்துவிடாதீர்கள். அந்த அமைப்பு முழுவதையும் மாற்ற நேரிடும். உறைந்து விரிய இடம் வேண்டும் என்பதால், டீசல் டேங்கைப் போல அல்லாமல், மலையில் ஆட்புளூ டேங்கைக் கழுத்து வரை நிரப்பாமல் கொஞ்சம் குறைவாகவே வையுங்கள்.